அணு உலை ஓய்ந்த பின்: ஊராரின் வேலையுரிமை

அணுமின் நிலையம் ஒன்றைக் கட்டத் தொடங்கும் நாளில் அடிக்கல் நாட்டு விழா நடைபெறுகிறது. அமைச்சர் பெருமக்கள் வருகை தருகின்றனர். நிலம் கொடுத்தோர்க்கு வேலை, ஊருக்குச் சாலை, பிள்ளைகளுக்குப் பள்ளி என வாக்குறுதிகள் வழங்கப்படுகின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்நிலையம் தன் இறுதி மின்சாரத்தை அளித்துவிட்டு ஓயும் நாளில் விழா ஏதுமில்லை. அன்று ஊராரிடம் எஞ்சி நிற்பது ஒரே வினாதான்: இனி எங்கள் பிழைப்புக்கு வழி யாது?

இவ்வினாவிற்கு ஒரு விடையாக மேலை நாடுகள் சிலவற்றில் உள்ளூர் வேலை ஒப்பந்தம் என்னும் முறை உருவாகி வந்துள்ளது. ஓய்ந்த நிலையத்தைப் பிரித்தகற்றும் பணியில், அங்கு உழைத்தவர்களுக்கும் சுற்றுவட்டாரத்தில் வாழ்வோருக்கும் முன்னுரிமை தருவதாக நிறுவனமும் தொழிற்சங்கமும் ஊர் மன்றங்களும் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடே அது. இது யாரோ மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று, உரிமை. அதுவும், உலை ஓய்வதற்கு முன்பே எழுதி வாங்கப்பட வேண்டிய உரிமை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

பிரித்தகற்றுதல் என்பது யாது?

துணி ஆலையையோ சர்க்கரை ஆலையையோ மூடுவதுபோல் அணுமின் நிலையத்தைப் பூட்டிவிட்டுச் செல்ல இயலாது. முதலில் எரிபொருள் கோல்களை உலையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அவை நீர்த்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஆறவேண்டும். பின்னர் அவற்றைக் கனத்த எஃகு, கான்கிரீட் கலன்களில் அடைத்துக் காவலில் வைக்க வேண்டும். குழாய்களையும் கொதிகலன்களையும் கழுவிக் கதிரியக்கம் நீக்கவேண்டும். உலைக்கலனை நீருக்கடியில் வைத்துத் தொலைவிலிருந்து இயங்கும் கருவிகளால் துண்டாக்க வேண்டும். சுவர்களைச் சுரண்டி, மண்ணை அகழ்ந்து, அங்குலம் அங்குலமாக அளந்து, தூய்மையாயிற்று என மெய்ப்பிக்க வேண்டும். அமெரிக்க நாட்டு விதிகளின்படி இப்பணி முழுவதையும் 60 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

இந்த 60 ஆண்டு என்னும் எல்லையில்தான் ஊராரின் விதி அடங்கியிருக்கிறது. நிலையத்தை மூடியவுடன் பிரிக்கத் தொடங்குவது ஒரு வழி. கதிரியக்கம் தானே தணியட்டும் என்று பல பத்தாண்டுகள் பூட்டி வைத்துப் பிறகு பிரிப்பது மற்றொரு வழி. கோபால்ட்-60 என்னும் ஐசோடோப்பின் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 ஆண்டுக்கொருமுறை பாதியாகக் குறைகிறது. சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டுகள் ஆகின்றன. எனவே காத்திருப்பதில் அறிவியல் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த உலையைப் பிரிக்க வருவோர் யார்? அதை இயக்கியவர்கள் மறைந்திருப்பர். அவர்தம் மக்கள் வேலை தேடி வேற்றூர் சென்றிருப்பர். காலத்தை ஒத்திப்போடுவது உள்ளூர் வேலையை ஒழித்துவிடுவதற்கு ஒப்பாகும். வேலை ஒப்பந்தத்தின் முதல் வரி எத்தனை பேருக்கு வேலை என்பதாக இருத்தல் கூடாது. பணி எப்போது தொடங்கும் என்பதாக இருத்தல் வேண்டும்.

டயாப்லோ கேன்யன் காட்டும் வழி

கலிபோர்னியா மாநிலத்தின் சான் லூயிஸ் ஒபிஸ்போ வட்டாரத்தில், பசிபிக் கடற்கரையில் அமைந்தது டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையம். 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் அதன் இரண்டு உலைகளும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. ஏறத்தாழ 1,500 பேருக்கு அது வேலை அளித்தது. அவற்றின் உரிமக்காலம் 2024, 2025 ஆண்டுகளில் முடிவதாக இருந்தது.

2016 ஜூன் திங்களில் ஒரு வியப்பான உடன்பாடு அங்கே உருவாயிற்று. நிலையத்தை நடத்தும் மின் நிறுவனமும், மின் தொழிலாளர் சங்கமும், அணுமின்சாரத்தை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடிய சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து கூட்டுத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. உரிமக்காலம் முடிந்ததும் உலைகளை மூடுவது. அதுவரை தொழிலாளர் விலகிச் செல்லாதிருக்க ஊக்கத்தொகை அளிப்பது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மறுபயிற்சி அளித்துப் பிரித்தகற்றும் பணியிலேயே அமர்த்துவது ஆகியவை அதன் சாரம். இதற்கென மதிப்பிடப்பட்ட தொகை சுமார் 35 கோடி டாலர். அவ்வாண்டின் இறுதியில் வட்டார ஆட்சியும் நகரங்களும் பள்ளி நிர்வாகமும் பேசி, ஊர்களுக்கென 8.5 கோடி டாலர் என்பதையும் சேர்த்தனர். அதில் 7.5 கோடி, வரி வருவாய் குன்றுவதால் பள்ளி முதலிய பணிகள் நலியாதிருக்க. எஞ்சிய 1 கோடி, புதிய தொழில்கள் வளர.

உலையை மூடச் சொன்னோரும் உலையால் உண்டு வாழ்ந்தோரும் ஒரே தாளில் ஒப்பமிட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. சுற்றுச்சூழலா, சோறா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதனை ஊன்றி நோக்குதல் நலம்.

ஆயினும் 2018 ஜனவரியில் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் இத்திட்டத்தின் ஒரு பகுதியை வெட்டியது. மூடுவதற்கு இசைந்த ஆணையம், தொழிலாளர்க்கான தொகையைச் சுமார் 22 கோடி டாலராகக் குறைத்தது, ஊர்களுக்கான 8.5 கோடியை மறுத்தது. மின் கட்டணம் செலுத்துவோரின் பணம் மின் சேவைக்கே உரியது, அரசு செய்ய வேண்டிய பணிகளுக்கு அதனைச் செலவிடச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது ஆணையத்தின் வாதம். ஊரார் சோர்ந்துவிடவில்லை. சட்டமன்றத்தை நாடினர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டு, இரு தொகைகளும் முழுமையாக மீட்கப்பட்டன. நல்லெண்ணத்தால் எழுதப்பட்ட உடன்பாடு சட்டத்தின் துணையின்றி நில்லாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பின்னர் 2022-இல் மாநில அரசே மனம் மாறி, 2030 வரை உலைகள் இயங்க வழிவகுக்கும் சட்டத்தை இயற்றியது. நாட்காட்டியை நம்பி எழுதப்படும் ஒப்பந்தம் அரசியல் காற்றில் ஆடும் என்பதும் இதனால் விளங்கும். உலை எந்நாள் ஓய்ந்தாலும் அந்நாளிலிருந்து ஒப்பந்தம் உயிர்பெறும் என்று எழுதுவதே அறிவுடைமை.

ஒப்பந்தமின்றி நின்ற ஊர்கள்

அதே கலிபோர்னியாவின் தென்பகுதியில் உள்ளது சான் ஓனோஃப்ரே. 2012 ஜனவரி 31 அன்று அங்கு ஒரு நீராவிக் குழாயில் கசிவு கண்டு உலை நிறுத்தப்பட்டது. மாதங்கள் கடந்தும் அது மீளவில்லை. 2013 ஜூன் திங்களில் நிலையம் நிரந்தரமாக மூடப்படும் என அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 1,500 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கையை 400 அளவிற்குக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. அந்நிலையத்தைப் பிரித்தகற்ற ஆகும் செலவோ 440 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. பிரிப்பதற்கு இத்துணைப் பெரும் செல்வம் காத்திருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே அனுப்பப்பட்டனர். டயாப்லோ கேன்யனில் பேசித் தீர்க்கக் கிடைத்த எட்டாண்டு அவகாசம் சான் ஓனோஃப்ரே மக்களுக்குக் கிட்டவில்லை.

வெர்மாண்ட் மாநிலத்தின் வெர்னான் என்னும் சிற்றூரில் 1972 முதல் இயங்கிய நிலையம் 2014 டிசம்பர் 29 அன்று ஓய்ந்தது. மாநில அரசு நிறுவனத்தோடு பேசி, அவ்வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சிக்கென ஆண்டுக்கு 20 இலட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றது. அது நற்செயலே. ஆனால் பிரிக்கும் பணியைப் பல பத்தாண்டுகள் ஒத்திப்போடுவதே நிறுவனத்தின் முதல் திட்டம். 2019 ஜனவரியில் நிலையம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னரே பணி விரைவுபெற்றது. மூடலுக்கும் அதற்குமிடையே நான்கு ஆண்டுகள். வேலையற்ற குடும்பம் ஒன்று நான்கு ஆண்டுகள் அதே ஊரில் காத்திருக்குமா?

மெய்ன் மாநிலத்தின் விஸ்காசெட் ஊரில் 1997 முதல் 2005 வரை பிரித்தகற்றும் பணி நடந்தது. இடையில், 2000-ஆம் ஆண்டில், தலைமை ஒப்பந்ததாரர் நிதி நெருக்கடியில் வீழ்ந்ததால் விலக்கப்பட்டு, நிலைய நிறுவனமே பணியை ஏற்று நடத்த நேர்ந்தது. ஒப்பந்ததாரர் மாறினால் அவர் ஊராருக்கு அளித்த வாக்கு என்னாகும்? வாக்கு அவரோடு போய்விடக் கூடாது. நிலத்தோடும் நிலையத்தோடும் அது பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990-ஆம் ஆண்டில் கிழக்கே கிரைஃப்ஸ்வால்டு நிலையம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர் என்பது உண்மை. ஆயினும் பிரிக்கும் பணியை நடுவண் அரசுக்கு உரிமையான நிறுவனம், நிலையத்தின் பழைய பணியாளரைக் கொண்டே செய்தது. அவ்வாறு கற்ற கைத்திறனால், உருசியாவின் பழைய அணுநீர்மூழ்கிகளைக் கையாளும் பணியிலும் அந்நிறுவனம் ஈடுபட்டது. பிரித்தல் என்பது இறுதிச் சடங்கு மட்டுமன்று, புதிய தொழிலொன்றின் தொடக்கமாகவும் ஆகலாம் என்பதற்கு இது சான்று.

பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், அணு நிலையங்களைக் கலைக்கும் பொறுப்பினைத் தனி ஆணையம் ஒன்றிடம் ஒப்படைத்தது. சுற்றியுள்ள மக்களின் சமூக, பொருளாதார வாழ்வுக்குத் துணைநிற்பதையும் அவ்வாணையத்தின் கடமைகளுள் ஒன்றாக எழுதிவைத்தது. ஊராரின் நலன் தனியார் ஒருவரின் தயவாக இல்லாமல் சட்டத்தின் சொல்லாக நிற்பதே இதன் சிறப்பு.

எழும் மறுப்புகள்

இவ்வுரிமையை மறுப்போர் சொல்லும் வாதங்களையும் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

அணு உலையைப் பிரிப்பது நுண்ணிய பணி. அதற்கு வேண்டியது திறமை, ஊர்ப்பெயர் அன்று என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. உலைக்கலனை வெட்டும் வல்லுநரை உலகெங்கும் தேடித்தான் அழைக்க வேண்டும். ஆனால் திறமை என்பது சான்றிதழில் மட்டும் இருப்பதன்று. எந்தக் குழாய் எந்த ஆண்டில் கசிந்தது, எந்த அறையின் தரை இருமுறை பூசப்பட்டது, வரைபடத்தில் இல்லாத இணைப்பு எங்குள்ளது என்பனவற்றைப் பல நேரங்களில் பழைய பணியாளரே அறிவர். ஆதலால்தான் நிலத்தின் முற்கால வரலாற்றை ஆராயும்போது பழைய பணியாளரை நேரில் வினவுவது ஒரு வழிமுறையாகக் கொள்ளப்படுகிறது. அவர்களைக் கலைத்துவிட்டுப் பின்னர் அதே செய்தியைக் கருவிகொண்டு தேடுவது காலத்துக்கும் பணத்துக்கும் உயிருக்கும் கேடு.

மின் கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் ஓர் ஊரை மட்டும் வாழவைப்பது முறையா என்பது இரண்டாம் மறுப்பு. கலிபோர்னிய ஆணையம் எழுப்பியதும் இதுவே. மாநிலம் முழுவதும் விளக்கு எரிந்தது; ஆனால் உலையின் அருகே வாழ்ந்ததும், அபாயச் சங்கு ஒலிக்கும் நாளுக்காக ஒத்திகை பார்த்ததும், தம் நிலத்தின் விலை மதிப்பு உலையின் கையில் இருந்ததும் அவ்வூராரே. பயன் பலருக்கும் சுமை சிலருக்கும் என்றிருந்த கணக்கினை முடிக்கும் நாளில், அச்சிலருக்கு ஈடுசெய்வது தருமம் அன்று, கடன் தீர்த்தல். எனினும் ஆணையம் சொன்ன நெறிமுறை சரியானதே: இத்தகைய செலவை மக்கள் மன்றம் வெளிப்படையாக விவாதித்து இசைய வேண்டும்.

உள்ளூராருக்கு முன்னுரிமை என்பது வெளியூராருக்கு அநீதி என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே மிகவும் கவனத்துக்குரியது. உள்ளூரார் என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்காவிட்டால் அச்சொல்லே ஆயுதமாகிவிடும். லித்துவேனியா நாட்டில் இக்னாலினா அணுமின் நிலையத்திற்காக 1975-இல் விசாகினாஸ் என்னும் நகரம் உருவாக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறிய, உருசிய மொழி பேசும் மக்களே அங்குப் பெரும்பான்மையினர். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையின்படி 2004 இறுதியில் ஓர் உலையும் 2009 இறுதியில் மற்றோர் உலையும் மூடப்பட்டன. மொழியால் சிறுபான்மையினரான அம்மக்களை நாடு கைவிட்டுவிடவில்லை. பணியாளருக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 2003-இலேயே இயற்றப்பட்டது. பிரிக்கும் பணியும் நிலையத்தின் சொந்தப் பணியாளரைக் கொண்டே நடைபெறலாயிற்று. உள்ளூரார் என்பதற்குப் பிறப்போ மொழியோ சாதியோ சமயமோ அளவுகோலாதல் கூடாது. அவ்வூரில் வாழ்ந்ததும் அங்கு உழைத்ததுமே அளவுகோல் என்பதை இந்நகரம் நமக்குக் கற்பிக்கிறது.

வேலையும் கதிர்வீச்சும்

உள்ளூர் வேலை என்னும் இனிய பெயரால் நிகழக்கூடிய கொடுமை ஒன்றையும் ஈண்டுச் சொல்லாமல் விடுதல் தகாது. ஏழை ஊராருக்குக் கிடைப்பது அபாயம் மிகுந்த, கூலி குறைந்த வேலையாக மட்டுமே இருந்துவிட்டால், ஒப்பந்தம் அவர்களைக் காத்ததாகாது, விற்றதாகும்.

ஜப்பானின் ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தில் 2011 மார்ச் விபத்திற்குப் பின் நடந்த தூய்மைப் பணிகளில், ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், அவருக்கும் கீழே மற்றொருவர் எனப் பல அடுக்குகள் இருந்தன. அடித்தட்டில் இருந்த தொழிலாளியின் கூலி ஒவ்வோர் அடுக்கிலும் கரைந்தது. துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று, கதிர்வீச்சளவு குறைவாகக் காட்டும்படித் தொழிலாளர் அணிந்த அளவுமானிகளை ஈயத்தகட்டால் மூடச் செய்தது 2012-இல் அம்பலமாயிற்று. அளவு மிகுந்தால் வேலை போய்விடும் என்னும் அச்சம் இருக்கும் இடத்தில், தொழிலாளியே தன் உடல்நலத்தை மறைக்கத் துணிகிறான் என்பதே இதில் உள்ள துயரம்.

உலகளாவிய பரிந்துரையின்படி கதிர்வீச்சுப் பணியாளர் பெறத்தக்க அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். இவ்வெல்லை நிறுவனத்தின் நிரந்தரப் பொறியாளருக்கும் நாட்கூலித் தொழிலாளிக்கும் ஒன்றே. எல்லையைத் தொட்டவரைக் கதிர்வீச்சில்லாத வேறு பணிக்கு அதே ஊதியத்தில் மாற்றும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே அளவுமானி உண்மை பேசும்.

நல்ல ஒப்பந்தத்தின் இலக்கணம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்லதோர் உள்ளூர் வேலை ஒப்பந்தத்தின் இலக்கணம் இவ்வாறு அமையும். அது உலை ஓய்வதற்குக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முன்னரே எழுதப்படும். பணி தொடங்கும் காலத்தை அது உறுதி செய்யும். உள்ளூரார் யார் என்பதை வாழ்ந்த ஆண்டுகளாலும் உழைத்த ஆண்டுகளாலும் வரையறுக்கும். எல்லா அடுக்கு ஒப்பந்ததாரரையும், நிலையத்தைப் பின்னர் விலைக்கு வாங்குவோரையும் கட்டுப்படுத்தும். பயிற்சிக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கும். கூலியிலும் கதிர்வீச்சுக் கண்காணிப்பிலும் வேறுபாடு காட்டாது. பணி முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் மருத்துவப் பரிசோதனைக்கு வழிசெய்யும். எத்தனை உள்ளூரார் எந்தெந்தப் பணியில், எந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் ஊர் மன்றத்தின்முன் வைக்கும். வேலையின் எண்ணிக்கையை மட்டும் சொல்லித் தரத்தை மறைக்கும் கணக்கு கணக்கன்று.

இத்தனையும் இருந்தாலும், பிரித்தகற்றும் வேலை என்றென்றைக்கும் நீடிக்காது என்பதை நாம் மறத்தலாகாது. விஸ்காசெட்டில் அது எட்டாண்டுகளில் முடிந்தது. அதன் பிறகு அங்கு எஞ்சியவை, எரிபொருளும் கழிவும் அடைக்கப்பட்ட 64 கலன்களும் அவற்றைக் காக்கும் சிலருமே. உள்ளூர் வேலை என்பது கரை சேர்க்கும் பாலம். அதுவே கரை ஆகாது. பாலத்தின் மேல் நடக்கும் காலத்திலேயே மறுகரையில் வேறு தொழில்களை வளர்த்தாக வேண்டும்.

நமக்குரிய பாடம்

கடல் கடந்த ஊர்களின் கதை நமக்கு எதற்கு என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். கல்பாக்கத்தில் முதல் உலை 1984-இலும் இரண்டாவது உலை 1986-இலும் வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கின. கூடங்குளத்தின் முதலிரண்டு உலைகள் 2014, 2017 ஆண்டுகளில் அந்நிலையை எய்தின. எந்த உலைக்கும் ஓர் இறுதி நாள் உண்டு. பிரித்தகற்றும் செலவுக்கென அணுமின்சாரத்தின் விலையோடு யூனிட்டுக்கு 2 பைசா சேர்த்து வசூலிக்கும் முறை நம் நாட்டில் வகுக்கப்பட்டது. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் முன்கூட்டியே பணம் சேர்த்தல் நல்ல முன்யோசனை. அதே முன்யோசனையை அங்கு உழைக்கும் மனிதருக்கும், வேலிக்கு வெளியே வலை வீசி வாழும் குப்பங்களுக்கும் நீட்டுதல் வேண்டும்.

அதற்கான அறிவும் பயிற்சியும் இன்றைய இளைஞரிடமிருந்தே தொடங்க வேண்டும். கதிர்வீச்சை அளக்கக் கற்ற இயற்பியல் மாணவரும், ஒப்பந்தத்தின் சொல்லைப் பிரித்தறியக் கற்ற சட்ட மாணவரும் எத்துணைத் தேவையோ, அதே அளவிற்கு அவ்வொப்பந்தத்தை ஊராருக்கு விளங்கும் தமிழில் எழுதித்தர வல்ல தமிழ் மாணவரும் தேவை. புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் கதைகள் நம் நாட்டில் ஏராளம். வேலையையும் அவ்வாறு இழக்கலாகாது.

உலை கட்டுவோர் நாட்டின் வளர்ச்சியைப் பேசினர். உலை எதிர்ப்போர் நாளைய தலைமுறையைப் பேசினர். இருவருமே பேச மறந்த ஒரு நாள் உண்டு. அது உலை ஓய்ந்த மறுநாள். அந்நாளில் வாயிற்கதவின் முன் வந்து நிற்கப்போகும் தொழிலாளியின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை எழுதும் பொறுப்பு, உலை இயங்கிக்கொண்டிருக்கும் இன்று வாழும் நமக்கே உரியது.